'ஸ்ட்ரோக்'னா அடி... 'வாதம்'னா காற்று... அப்போ மூளை எங்கே? ஒரு நோய்க்குப் பேர் வந்த கதை!

ஆர்.எக்ஸ் 100 பிரியர் யாரையாவது கேட்டுப்பாருங்க... 'டூ ஸ்ட்ரோக்' சத்தத்துக்கு ஈடு இணையே கிடையாதுன்னு சத்தியம் பண்ணுவார். கிரிக்கெட் கமென்ட்ரியில் 'பியூட்டிஃபுல் ஸ்ட்ரோக்' என்று உருகுவார்கள். நீச்சல் கிளாஸில் 'பிரெஸ்ட் ஸ்ட்ரோக்', போட்டோஷாப்பில் 'பிரஷ் ஸ்ட்ரோக்' என இந்த வார்த்தை நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால், விடிகாலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக்காம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க' என்று ஒரு மெசேஜ் வந்து விழுந்தால்?

அடுத்த அஞ்சு நிமிஷத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். 'ஹார்ட் அட்டாக்கா?' என்று ஒருவர் கேட்பார். 'கை, கால் வருதா?' என்பார் இன்னொருவர். 'வாதம்தான் அது, எங்க ஊர் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கார்' என்று மூன்றாமவர் போன் நம்பரே அனுப்பிவிடுவார். ஒரே வார்த்தை, மூன்று பேர் மூன்று வெவ்வேறு நோயை நினைத்துக்கொள்கிறார்கள். இதயம், கை கால், காற்று. நோய் உண்மையில் இருக்கும் இடம் மூளை. அதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

தப்பு அவங்க மேல இல்லைங்க. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்', தமிழில் 'பக்கவாதம்'... இரண்டு பெயரையும் பிரித்துப் பார்த்தால், இரண்டுக்குள்ளும் மூளையே கிடையாது. அது ஏன்? அதனால் நமக்கு என்ன நஷ்டம்?

அடிச்சது யாரு?

ஸ்ட்ரோக் என்றால் அடி. 'ஸ்ட்ரைக்' என்ற வினைச்சொல்லுக்கு நெருங்கிய உறவு. பேட் பந்தை அடித்தால் ஸ்ட்ரோக், கடிகாரம் மணி அடித்தால் ஸ்ட்ரோக். வேடிக்கை என்னன்னா, பூனையைத் தடவிக்கொடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வார்த்தைதான். அடிக்கும் கையும் அணைக்கும் கையும் ஒன்று என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதை ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

நோய்க்கு இந்தப் பெயர் வந்தது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்போது அது வெறும் ஸ்ட்ரோக் அல்ல. 'கடவுளின் கையால் விழுந்த அடி' என்பதுதான் முழுப்பெயர். நாள்போக்கில் கடவுள் போனார், கையும் போனது, அடி மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் காலத்து ஆட்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பேச்சின் நடுவிலேயே சரிந்து விழுகிறார். ஒரு கை அசையவில்லை, வாய் கோணிக்கொண்டது. உடம்பில் காயம் இல்லை, ரத்தம் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ பின்னால் வந்து ஓங்கி அடித்துவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. அடிச்சது மனுஷன் இல்லைன்னா, கடவுளாகத்தானே இருக்கணும்?

இங்கிலாந்துக்காரர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்த கற்பனையும் அல்ல இது. அவர்களுக்கு 2,000 வருஷம் முன்பே, ஹிப்போகிராட்டஸ் காலத்து கிரேக்க மருத்துவர்கள் இந்த நோயை 'அபோப்ளெக்ஸியா' என்றார்கள். பொருள்: அடித்து வீழ்த்தப்படுதல். இது பலமாக வந்தால் குணப்படுத்தவே முடியாது, லேசாக வந்தாலும் சுலபமில்லை என்று ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. மருத்துவர்கள் கைகழுவிவிட்ட நோயாக இது ரொம்ப காலம் இருந்ததற்கு அந்த ஒற்றைக் குறிப்புக்கும் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

அடி என்ற கற்பனை அதோடு நிற்கவில்லை. ஜெர்மன் மொழியில் இந்த நோய்க்குப் பெயர் 'ஷ்லாக்அன்ஃபால்'. ஷ்லாக் என்றாலும் அடிதான். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 'இக்டுஸ்' என்கிறார்கள். லத்தீனில் அதற்கும் அர்த்தம் அடி. ரஷ்ய மொழியில் 'இன்சுல்ட்'. ஆங்கிலத்தில் யாரையாவது அவமானப்படுத்தினால் 'இன்சல்ட்' என்கிறோமே, அதே லத்தீன் வேர். மூலப்பொருள், மேலே பாய்ந்து தாக்குதல். டாக்டர் ஃபைலில் 'ஹெமிபிளீஜியா' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெமி என்றால் பாதி. 'பிளீஜியா' எங்கிருந்து வந்தது தெரியுமா? அபோப்ளெக்ஸியா பிறந்த அதே கிரேக்க வேரிலிருந்து. 'பாதி உடம்பில் அடி'!

காத்து கருப்பு அடிச்சிருச்சு

சீன மொழியில் கதை கொஞ்சம் மாறுகிறது. அங்கே இதன் பெயர் 'சோங்ஃபெங்'. அதன் பொருள், 'காற்றால் அடிபட்டது'. அடியும் இருக்கு, காற்றும் இருக்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம கிராமங்களில் ஒருத்தர் திடீரென்று விழுந்து கை கால் இழுத்துக்கொண்டால், 'காத்து கருப்பு அடிச்சிருச்சு', 'முனி அறைஞ்சிருச்சு' என்பார்கள். சீனாவுக்கும் நமக்கும் நடுவில் இமயமலையே இருந்தாலும், ஒரே காட்சியைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது.

மருத்துவ நூல்களில் நம்ம பெயர் 'பக்கவாதம்'. இன்னொரு பழைய பெயர், 'பாரிசவாயு'. பாரிசம் என்றால் பக்கம். வாயு என்றால் காற்று. கன்னடத்தில் இன்றைக்கும் 'பார்ஷ்வவாயு' என்றுதான் சொல்கிறார்கள். தெலுங்கில் 'பக்ஷவாதம்'. மலையாளத்தில் மட்டும் 'பக்ஷாகாதம்'. ஆகாதம் என்றால் சம்ஸ்கிருதத்தில் அடி. ஆக, நாமும் தெலுங்கரும் கன்னடரும் காற்றைப் பிடித்துக்கொண்டோம். சேட்டன்கள் அடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். கோர்ட்டில் வக்கீல் செய்வதும் வாதம், பிடிவாதத்தில் இருப்பதும் வாதம், பக்கவாதத்தில் இருப்பதும் வாதம். எல்லாம் ஒண்ணா? இல்லை. பேச்சைக் குறிக்கும் 'வாதம்' சம்ஸ்கிருதத்தில் வேறு சொல். காற்றைக் குறிக்கும் 'வாதம்' வேறு சொல். அங்கே இரண்டுக்கும் எழுத்தே வேறு. தமிழில் ஒரே 'த' என்பதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் 'பக்கவாதம்' என்பதை முதல்முறை படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பக்கமாகவே பேசும் பட்டிமன்றப் பேச்சாளர் நினைவுக்கு வருகிறார்.

சரி, காற்றுக்கும் கை கால் விழுவதற்கும் என்ன சம்பந்தம்? சித்த, ஆயுர்வேத மருத்துவ முறைகளில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் சமநிலைதான் ஆரோக்கியம். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் முதல் குறளே காற்றில் ஆரம்பித்து மூன்றையும் பற்றிப் பேசுவதுதான். இந்த மூன்றில் உடம்பின் அசைவு முழுக்க வாதத்தின் பொறுப்பு. மூச்சு போய் வருவது, கை நீட்டுவது, கண் இமைப்பது எல்லாமே காற்றின் வேலை. அப்படியென்றால், அசைவு நின்றுபோனால் கோளாறு எதில் இருக்கும்? காற்றில்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 'பக்கவாதம்' மிகச் சரியான பெயர். ஸ்கேன் இல்லாத காலத்தில், வெளியே தெரிவதை வைத்து இதைவிட ஒழுங்காக ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்க முடியாது என்பேன்.

சிக்கல் எங்கே வருதுன்னா, அசைவு கெடும் எந்த நோய்க்கும் இதே குடும்பப் பெயரை வைத்துவிட்டோம். மூட்டுகள் வீங்கி வலித்தால் முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவதால் வருவது அது. குழந்தைகளைப் பாதித்த போலியோவுக்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர். அது வைரஸால் வருவது, தண்டுவட நரம்பு செல்களைத் தாக்குவது. முகத்தின் ஒரு பக்க நரம்பு மட்டும் செயலிழந்தால் முகவாதம். மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டால் பக்கவாதம். மூட்டு, தண்டுவடம், முகநரம்பு, மூளை என நான்கும் நான்கு இடங்களில், நான்கு காரணங்களால் வருபவை. ஆனால் பெயரைக் கேட்டால் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன.

முடக்குவாதத்துக்கு மாசக்கணக்கில் வைத்தியம் பார்க்கலாம். நாளைக்குப் போனாலும் டாக்டர் இருப்பார். அந்த நிதானத்தையே பக்கவாதத்துக்கும் காட்டுகிறோம் இல்லையா, அங்கேதான் பெயர் நம்மைக் கவிழ்க்கிறது. 'வாதம்தானே' என்று எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதும், புறா ரத்தம் தேடி ஆள் அனுப்புவதும், விழுந்த கையைப் பிடித்து நீவிவிடுவதும் நடப்பது அதனால்தான். கையில் ஒரு கோளாறும் இல்லைங்க. கை நல்லா இருக்கு. அதுக்கு ஆர்டர் போடுற இடம்தான் இருட்டாகிக் கிடக்கு.

ஸ்விட்சர்லாந்துக்காரர் திறந்து பார்த்தார்

மூளையில்தான் ஏதோ சிக்கல் என்ற யூகம் கிரேக்கர்களுக்கே இருந்தது. ஆனால், கபம் போய் மூளையின் பாதைகளை அடைத்துக்கொள்கிறது என்று நினைத்தார்கள். ரத்தக் குழாய்ப் பிரச்னை என்று பிடிபட 17-ஆம் நூற்றாண்டு ஆனது. 1628-ல் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று நிரூபித்தார். அதற்கு 30 வருடங்கள் கழித்து, 1658-ல், ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊரைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் வெப்ஃபர் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். அபோப்ளெக்ஸியில் இறந்தவர்களின் உடலைப் பரிசோதனை செய்து, மூளைக்குள் ரத்தம் கசிந்து நிற்பதைக் கண்டு எழுதியிருந்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டாலும் இதே கதி வரலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

இன்றைக்கும் ஸ்ட்ரோக்கில் இருக்கும் இரண்டு பெரும் பிரிவுகள் இவைதான். குழாய் அடைப்பது ஒன்று. குழாய் வெடித்துக் கசிவது இன்னொன்று. பெரும்பாலானவை அடைப்பு வகை. உங்கள் தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பை அடைத்தாலும் தண்ணீர் வராது, குழாய் உடைந்தாலும் வராது. பாதிப்பு ஒரே மாதிரி. ரிப்பேர் மட்டும் நேர் எதிர்.

அது சரி, ஏன் 'பக்க'வாதம்? ஏன் ஒரு பக்கம் மட்டும்? மூளையிலிருந்து கிளம்பும் நரம்புப் பாதைகள் வழியில் இடம் மாறிக்கொள்கின்றன. இடது மூளை வலது கை காலை ஆள்கிறது. வலது மூளை இடது பக்கத்தை. ஆங்கில எழுத்து 'எக்ஸ்' மாதிரி இவை குறுக்கே தாண்டிப்போகின்றன என்று கப்படோசியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்ற பழங்கால கிரேக்க மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இடது மூளையின் வேலை. அதனால் வலது கை கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படுவது அதிகம்.

வரலாற்றில் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. 1919 அக்டோபரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடுமையான ஸ்ட்ரோக் வந்தது. அவருக்கு விழுந்தது இடது பக்கம். பேச்சு முழுதாகப் போகவில்லை. அவரின் மனைவி ஈடித்தும் மருத்துவரும், ஸ்ட்ரோக் என்ற சொல்லையே வெளியில் விடவில்லை. நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை என்றே உலகத்துக்குச் சொல்லப்பட்டது. யார் உள்ளே போகலாம், எந்த ஃபைல் அவரிடம் போகலாம் என்பதையெல்லாம் மனைவியே முடிவுசெய்தார். ஒரு நாட்டின் அதிபருக்கே நோயின் பெயரை மறைத்தார்கள் என்றால், 'வெளியில சொல்லாதீங்க, பொண்ணு கல்யாணம் வருது' என்று நம்ம வீடுகளில் சொல்வதை எங்கே போய்க் குறை சொல்ல?

ஃபைலில் இருக்கும் மற்ற வார்த்தைகள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் சில நேரம் 'ஸ்ட்ரோக்' என்றே இருக்காது. 'சி.வி.ஏ' என்று மூன்று எழுத்து இருக்கும். விரித்தால் 'செரிப்ரோ வாஸ்குலர் ஆக்ஸிடென்ட்'. கூகுள் பண்ணிப் பார்த்துட்டு, 'ஆக்ஸிடென்ட்டா? அவர் வண்டியே ஓட்டலையே!' என்று பதறுபவர்கள் உண்டு. பயப்படாதீங்க, இங்கே ஆக்ஸிடென்ட் என்பதற்கு, எதிர்பாராமல் நேர்ந்தது என்று பொருள். இந்தச் சொல்லை இப்போது பல நரம்பியல் மருத்துவர்கள் விரும்புவதில்லை. விபத்து என்றால் விதி என்று ஆகிவிடும். ஆனால், ஸ்ட்ரோக்குக்கான பெரிய காரணமே கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம். அதோடு சர்க்கரை, சிகரெட், கொழுப்பு, சீரில்லாத இதயத்துடிப்பு என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவையோ, மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியவையோதான். தானாக வந்த அடி அல்ல. பல வருஷமா நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற அடி.

'இன்ஃபார்க்ட்' என்ற சொல்லும் அடிக்கடி வரும். லத்தீனில் அதற்கு, திணித்து அடைப்பது என்று பொருள். ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன திசுவை இப்படிச் சொல்கிறார்கள். மாரடைப்பு ரிப்போர்ட்டிலும் இதே வார்த்தை வரும் என்பதால்தான், ஸ்ட்ரோக்கை ஹார்ட் அட்டாக் என்று குழப்பிக்கொள்வது இன்னும் அதிகமாகிறது. 'பாரலிஸிஸ்' என்றால் கிரேக்கத்தில் தளர்ந்துபோதல். அது நோயின் பெயரே இல்லை, அறிகுறியின் பெயர். 'ஹீட் ஸ்ட்ரோக்' என்பது முற்றிலும் வேறு. வெயிலில் உடம்பின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப்போகும் ஆபத்து அது. பெயர்ப் பொருத்தம் தவிர இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ரொம்ப கவனிக்க வேண்டியது 'டி.ஐ.ஏ'. மினி ஸ்ட்ரோக் என்பார்கள். பத்து நிமிஷம் வாய் குழறும், கை மரத்துப்போகும், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'சரியாயிடுச்சு, தூக்கம் கெட்டதால இருக்கும்' என்று டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். 'மினி' என்ற அடைமொழி செய்யும் அநியாயம் இது. பின்னாடியே பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து, அடுத்த சில நாள்களில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம் இது.

இன்னொரு தகவல். உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் பல பத்தாண்டுகளாக ஸ்ட்ரோக் இருந்த இடம் எது தெரியுமா? ரத்த ஓட்ட மண்டல நோய்கள். அதாவது, இதயநோய்களின் அத்தியாயம். 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பில்தான் அதை நரம்பு மண்டல நோய்கள் பக்கம் மாற்றினார்கள். 'ஹார்ட் அட்டாக்கா?' என்று கேட்ட சித்தப்பாவை ரொம்பக் கிண்டல் செய்ய வேண்டாம். உலகமே சமீபம்வரை அதை இதயத்தோடுதான் சேர்த்து வைத்திருந்தது.

'எப்போ வந்துச்சு' இல்லை, 'கடைசியா எப்போ நல்லா இருந்தார்?'

ஹிப்போகிராட்டஸ் காலத்திலிருந்து கைவிடப்பட்ட இந்த நோயின் கதை 1995-ல் திரும்பியது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் 'டி.பி.ஏ' என்ற ஊசியை, அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் போட்டால், ஊனமில்லாமல் மீள்பவர்கள் அதிகம் என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று இந்த நேரத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015-க்குப் பிறகு, தொடையிலிருந்து மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் உறுதியானது. தகுந்த சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்யலாம். ஆனால், கடிகாரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை செல்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு வெளியானது. எண்ணெய் காய்ச்ச ஆகும் நேரத்தை இதோடு பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊசியை எடுத்தவுடனே போட்டுவிடவும் முடியாது. அடைப்பா, கசிவா என்று சி.டி ஸ்கேன் பார்த்தாக வேண்டும். கசிவு இருக்கும் மூளைக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் அது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றின கதைதான். வீட்டில் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். மாரடைப்புக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே செய்யாதீங்க. பி.பி மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். தண்ணீர், ஜூஸ், சோடாவும் கூடாது. விழுங்கும் தசை வேலை செய்யாமல் இருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அறிகுறிகளைக் கண்டுபிடிக்க 'ஃபாஸ்ட்' என்ற குறுக்குவழி உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுகிறது. 1998 வாக்கில் இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவானது. ஆங்கில எழுத்துகளை மனப்பாடம் செய்யணும்னு அவசியமில்லை. சிரிக்கச் சொல்லுங்க; வாய் ஒரு பக்கம் இறங்குதா பாருங்க. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்க. ஒண்ணு கீழே சரியுதா? ஒரு சின்ன வாக்கியம் சொல்லச் சொல்லுங்க. குழறுதா, சம்பந்தமில்லாம வருதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். திடீரென்று நடை தள்ளாடுவதும், திடீரென்று பார்வை போவதும், இரண்டாகத் தெரிவதும்கூட ஸ்ட்ரோக்காக இருக்கலாம். கை கால் விழாமலேயே வரும் பக்கவாதம் இது! 'பக்கமே விழலையே' என்று பெயரை நம்பி ஏமாந்துவிடக் கூடாத இடம். முகம் கோணியது வெறும் முகவாதமா, ஸ்ட்ரோக்கா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், கூகுள் வேண்டாம்.

'எங்க வீட்டுப் பெரியவங்களுக்குத்தானே இதெல்லாம்' என்று ஸ்க்ரோல் பண்ணப்போறீங்களா? 25 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஸ்ட்ரோக் வரும் என்கிறது உலக ஸ்ட்ரோக் அமைப்பு. இளம் வயதிலும் வருகிறது. அதோடு, வீட்டில் போன் கையிலேயே இருக்கும் ஆள் நீங்கதான். முதல் போன் பண்ணப்போவதும் நீங்களாகத்தான் இருப்பீங்க.

தமிழில் வேறு பெயர் வேண்டாமா என்று ஒரு விவாதம் உண்டு. 'மாரடைப்பு' என்ற சொல்லைப் பாருங்கள். எங்கே, என்ன நடந்தது என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. படிக்காத பாட்டிகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடச் சொல்வார். அதே மாதிரி 'மூளையடைப்பு' என்று வைக்கலாம்தான். ஆனால், கசிவு வகைக்கு அது பொருந்தாது. 'மூளைத்தாக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. திடீரென்று வருவதும் அதில் இருக்கிறது, எங்கே என்பதும் இருக்கிறது. ஆனாலும் 'சர்க்கரை'யை விட்டு 'நீரிழிவு'க்கு ஊர் மாறாத மாதிரி, பக்கவாதமும் சுலபத்தில் போகாது. போகாட்டியும் பரவாயில்லை, அந்தச் சொல் காதில் விழுந்ததும் கையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

ஏன்னா, ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்போகும் கேள்வி 'எப்போ வந்துச்சு?' என்பதல்ல. 'கடைசியா எப்போ நல்லா இருந்தார்?' என்பதுதான். தூக்கத்தில் வந்திருந்தால், காலையில் பார்த்த நேரம் கணக்கில் வராது. இரவு நல்லபடியாகப் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. 108-க்கு போன் பண்ணும்போது 'மயக்கம் போட்டுட்டார்', 'வாதம் மாதிரி இருக்கு' என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். 'முகம் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, வலது கை தூக்க வரலை, 7.40 வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தார்' என்று சொல்லுங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில 24 மணி நேரமும் சி.டி ஸ்கேன் இருக்குன்னு இன்னைக்கே விசாரிச்சு, அந்தப் பேரை உங்க போன்ல சேவ் பண்ணிவெச்சுக்கோங்க.